அமெரிக்க பிரெட் செய்முறையை கிராமுக்கு மாற்றுவது: கப், ஸ்டிக், ஒரு பாக்கெட் ஈஸ்ட்... கணக்குப் போட உதவுங்கள்

அகிலா_சென்னை

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார், அவர் வாராவாரம் செய்யும் சாண்ட்விச் பிரெட்டின் செய்முறையை அனுப்பியிருக்கிறார். அப்படியே தருகிறேன்.

ஆல் பர்ப்பஸ் மாவு 3½ கப்
ஆக்டிவ் டிரை ஈஸ்ட் 1 பாக்கெட்
வெதுவெதுப்பான தண்ணீர் 1 கப் + 2 டேபிள்ஸ்பூன்
சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன்
கோஷர் உப்பு 1½ டீஸ்பூன்
வெண்ணெய் அரை ஸ்டிக்
375 டிகிரி ஃபாரன்ஹீட், 35 நிமிடம், 9 x 5 அங்குல டின்

என்னிடம் இருப்பது இன்ஸ்டன்ட் ஈஸ்ட், கடையில் வாங்கும் சாதாரண மைதா, தூள் உப்பு, 400 கிராம் பிரெட் டின், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. வலையில் தேடினால் ஒரு கப் மைதா 120 கிராம் என்கிறார் ஒருவர், 130 என்கிறார் இன்னொருவர், 150 என்றும் இருக்கிறது. ஈஸ்டுக்கு 0.75ஆல் பெருக்கு, 0.8ஆல் பெருக்கு, மூன்றில் இரண்டு பங்கு போடு என்று ஆளுக்கு ஒரு கணக்கு. எதை எடுத்துக்கொள்வது? இன்னொரு விஷயம், மத்தியானம் என் அடுப்படியில் 33 டிகிரி.

மெல்பர்ன்_மீனா

அகிலா, முதலில் செய்முறை எந்த நாட்டுடையது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அமெரிக்காதான். அங்கே கப் 237 மி.லி., சத்து விவர அட்டைகளில் மட்டும் முழுசாக 240 என்று போடுவார்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானியச் செய்முறை என்றால் 200. பழைய ஆங்கிலேயப் புத்தகங்களில் வரும் அரை பைன்ட் கப் 284. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180, அது அரிசிக்கு மட்டும்.

டேபிள்ஸ்பூன் இன்னும் மோசம். மற்ற இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. பக்கத்து நியூசிலாந்திலேயே 15தான்! உள்ளூர்ப் புத்தகத்தில் "3 டேபிள்ஸ்பூன்" என்று இருந்தால் அது 60 மி.லி. அதை இந்தியாவில் வாங்கிய ஸ்பூனால் அளந்தால் 45தான் வரும்.

"ஸ்டாண்டர்ட் கப்" என்று எழுதி விற்கும் செட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். தராசில் வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் மி.லி. டீஸ்பூனைச் சோதிக்க ஒரு ஸ்பூனை வைத்துப் பார்க்காதீர்கள், பத்து ஸ்பூன் ஊற்றிப் பாருங்கள். 50 வர வேண்டும்.

கல்லாப்பெட்டி

பாட்டி கொடுத்த பித்தளை ஆழாக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. அது எந்தக் கணக்கில் வரும்? :)

மெல்பர்ன்_மீனா

அட்டவணைப்படி ஆழாக்கு 168 மி.லி., எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி, அதாவது 1.344 லிட்டர். ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். அதிலும் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்க வேண்டும்.

நிறைகோல்

ஒரு கப் மைதா 120ஆ, 150ஆ என்று கேட்டால், இரண்டுமே சரி. மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் எடுத்துக் கப்பில் தூவி, மேலே கத்தியால் சீவினால் 120 பக்கம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 ஆகிவிடும். உங்கள் 3½ கப்புக்கு முதல் கணக்கில் 420 கிராம். இரண்டாவதில் 145 என்று வைத்தாலே 507. வித்தியாசம் 87 கிராம், இது சின்ன விஷயம் இல்லை.

எந்தக் கணக்கு என்பதைத் தண்ணீரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 1 கப் + 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் 267 கிராம். 420 கிராம் மாவுக்கு அது 63.5 சதவீதம், சாண்ட்விச் பிரெட்டுக்குப் பொருத்தமான அளவு. 507 கிராமுக்கு என்றால் 53 சதவீதம்கூட வராது, பூரி மாவு மாதிரி கட்டியாக நிற்கும். ஆக நாத்தனார் தூவித்தான் அளக்கிறார். சந்தேகம் இருந்தால் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள்.

மற்றவை: சர்க்கரை ஒரு கப் 200 கிராம் என்பதால் 2 டேபிள்ஸ்பூன் 25 கிராம். ஒரு ஸ்டிக் வெண்ணெய் 113 கிராம், அரை ஸ்டிக் 57. உப்பில்தான் கவனம் தேவை. நம் தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். கோஷர் உப்பு சீவல் சீவலாக இருப்பதால் அதே டீஸ்பூனில் 3 கிராம் பிடிக்கும் பிராண்டும் உண்டு, 5 கிராம் பிடிப்பதும் உண்டு. எனவே ஸ்பூன் கணக்கை விட்டுவிடுங்கள். மாவில் 2 சதவீதம் உப்பு என்று வைத்தால் எந்த ரொட்டிக்கும் பெரிதாகத் தப்பாது.

இப்போது பேக்கரிக்காரர்கள் முறையில் எழுதிவிடலாம். மாவு எப்போதும் 100, மற்ற எல்லாம் அதில் இத்தனை சதவீதம்:

மாவு 100
தண்ணீர் 63.5
சர்க்கரை 6
உப்பு 2
வெண்ணெய் 13.5

ஈஸ்டை விட்டுவைத்திருக்கிறேன், அதற்கு இங்கே ஆள் இருக்கிறார்.

உங்கள் டின்னுக்கு இந்த அளவு முழுசாகப் போடக் கூடாது, மொத்தம் 780 கிராம் பிசைந்த மாவு வந்துவிடும். 400 கிராம் ரொட்டிக்கு 450 கிராம் பிசைந்த மாவு போதும், மீதி சுடும்போது ஆவியாகப் போகிறது. சதவீதங்களைக் கூட்டினால் 185, ஈஸ்டுக்கு உத்தேசமாக 0.7 சேர்த்தால் 185.7. 450ஐ 1.857ஆல் வகுத்தால் மாவு 242 கிராம். அதிலிருந்து தண்ணீர் 154, சர்க்கரை 15, உப்பு 5, வெண்ணெய் 33.

கோவை_அடுமனை

கூப்பிட்டதற்கு நன்றி நிறைகோல் சார். பேக்கரி சாமான் கடை நடத்துகிறேன், தினமும் இதே கேள்விதான் வரும்.

அமெரிக்கப் பாக்கெட் என்றால் கால் அவுன்ஸ், 7 கிராம், 2¼ டீஸ்பூன். மூன்றும் ஒன்றுதான். இங்கிலாந்துப் பாக்கெட்டும் 7 கிராம்தான், ஆனால் அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் வகை. அதனால் "ஒரு பாக்கெட்" என்று மட்டும் எழுதியிருந்தால் வகையையும் கேட்க வேண்டும்.

மாற்றும் விகிதம்: கட்டி ஈஸ்ட் (காய வைக்காத ஈர ஈஸ்ட்) 3 பங்கு, ஆக்டிவ் டிரை 1¼ பங்கு, இன்ஸ்டன்ட் 1 பங்கு. ஏன் இப்படி? ஆக்டிவ் டிரையைக் காய வைக்கும் முறையில் உருண்டையின் வெளிப்புறத்தில் இருக்கும் செல்கள் செத்து ஓடு மாதிரி மூடிக்கொள்ளும். அதைக் கரைக்கத்தான் 40 டிகிரித் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். 1970களில் வந்த இன்ஸ்டன்ட் வகை பொடிப்பொடியாக, மென்மையாகக் காயவைக்கப்பட்டது. உயிரோடு இருக்கும் செல் அதிகம், நேராக மாவிலேயே கலக்கலாம்.

அகிலா மேடம் கேட்ட 0.75, 0.8, மூன்றில் இரண்டு எல்லாமே கம்பெனிக்குக் கம்பெனி மாறும் பரிந்துரைகள்தான். 7 கிராமுக்கு 5.25 வரும், 5.6 வரும், 4.7 வரும். மொத்த வித்தியாசம் ஒரு கிராம்கூட இல்லை. ஸ்பூனைச் சீவாமல் குவித்து எடுத்தாலே அதைவிட அதிகம் தவறிவிடும். 0.8 வைத்துக்கொள்ளுங்கள், தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நிஜமாகவே மாற்ற வேண்டியது வேறு. அந்த 5.6 கிராம், அதாவது 1.33 சதவீதம், நாத்தனார் வீட்டு 22 டிகிரிக்கு உரிய அளவு. உங்களிடம் 33. இந்த எல்லைக்குள் 10 டிகிரி கூடினால் ஈஸ்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரையில் இட்லி மாவை ராத்திரி முழுக்க வெளியே விடுவோமா? அதே கதைதான். பாதி போடுங்கள். 0.7 சதவீதம், 242 கிராம் மாவுக்கு 1.7 கிராம்.

டெஸ்ட்டியூப்

பாதியாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஈஸ்டைக் குறைத்தாலும் மாவு 33 டிகிரியிலேயே இருந்தால் வெண்ணெய் இளகி வழியும், மாவு கையில் ஒட்டும், புளித்த வாடையும் சீக்கிரம் வரும். வெப்பத்தைக் குறைப்பதுதான் முறை. பேக்கரிகளில் ஒரு சூத்திரம் உண்டு. பிசைந்து முடித்த மாவு எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதை மூன்றால் பெருக்கி, மாவின் வெப்பம், அறை வெப்பம், பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் ஊற்ற வேண்டிய தண்ணீரின் வெப்பம் கிடைக்கும்.

26 டிகிரி வேண்டும் என்றால் 78. மாவு 31, அறை 33, கையால் பிசைவதற்கு ஒரு 3. மொத்தம் 67. தண்ணீர் 11 டிகிரி, அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். "வெதுவெதுப்பான தண்ணீர்" என்று எழுதியிருப்பது குளிர்நாட்டு அடுப்படிக்கு. நம் ஊரில் மே மாதத்தில் அதைப் பின்பற்றுவது வம்பு.

கோவை_அடுமனை

சூத்திரம் சரி தம்பி. ஆனால் அது 50 கிலோ மாவு பிசையும் இடத்துக்குச் செய்தது. அவ்வளவு பெரிய மாவு சூடு ஏற நேரம் எடுக்கும். அகிலா மேடத்திடம் இருப்பது அரைக் கிலோகூட இல்லை. 26ல் பிசைந்து வைத்தாலும் 33 டிகிரி அறையில் கொஞ்ச நேரத்திலேயே சூடாகி ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் 1.33 சதவீத ஈஸ்ட் என்ன செய்யும்?

டெஸ்ட்டியூப்

அதுவும் நியாயம்தான். அப்படியானால் இரண்டையும் செய்யட்டும்: 0.7 சதவீதம், குளிர்ந்த தண்ணீர். ஒன்று மட்டும் கவனம். இன்ஸ்டன்ட் ஈஸ்டை ஐஸ் தண்ணீரில் நேராகப் போடக் கூடாது. மாவில் முதலில் கலந்துவிட்டு, பிறகு தண்ணீரை ஊற்ற வேண்டும். குளிர்ந்த தண்ணீர் நேரே பட்டால் காய்ந்த செல்களிலிருந்து குளுட்டாத்தியோன் என்ற பொருள் கசிந்து மாவின் இழுவையைத் தளர்த்திவிடும். ஆக்டிவ் டிரை வைத்திருப்பவர்கள் 40 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கரைத்துக்கொண்டு மீதித் தண்ணீரை மட்டும் குளிர்ச்சியாக ஊற்றலாம்.

யாழ்_பாண்

அகிலா அக்கா, நான் ஒன்று சொல்லலாமா? அப்பா பேக்கரியில் வேலை செய்தவர். விறகுப் போறணை (பாண் சுடும் அடுப்பு). பின்னேரம் மா குழைத்து வைத்து விடிவதற்கு முன் பாண் சுடுவார்கள். அவர்கள் போடும் ஈஸ்ட் நீங்கள் எல்லாம் சொல்லும் கணக்கில் ஒரு துளி. எட்டு மணித்தியாலம் வெளியில் கிடக்கிற மாவுக்கு 0.1 சதவீதமே தாராளம். 500 கிராம் மாவுக்கு அரை கிராம், ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட. ஈஸ்டைக் கூட்டினால் நேரம் குறையும், குறைத்தால் நேரம் கூடும், பாணின் மணமும் கூடும். எனக்குத் தெரிந்தவரை செய்முறையில் ஈஸ்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிற அளவு, அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட நினைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

எங்களூரில் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். உங்கள் டின் அதற்குக் கிட்டத்தான், அதனால் நிறைகோல் போட்ட அளவு சரியாகவே இருக்கும்.

அகிலா_சென்னை

எல்லோருக்கும் நன்றி. தம்பி, ராத்திரி முழுக்க வைக்கும் முறையைப் பிறகு பார்க்கிறேன், இப்போதைக்கு மாலை டிபனுக்கு பிரெட் வேண்டும். 1.7 கிராமை எப்படி எடுப்பது? என் தராசு 1 அல்லது 2தான் காட்டுகிறது. சில நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் எண்ணே நகர்வதில்லை.

நிறைகோல்

நகர்வதில்லை என்பது தராசின் பழுது இல்லை. பல சமையலறைத் தராசுகள் மிகச் சிறிய மாற்றத்தைத் தானாகவே பூஜ்யம் ஆக்கிவிடும். மெதுவாகத் தூவினால் ஏமாற்றும், மொத்தமாகக் கொட்டினால் காட்டும்.

சுலபமான வழி: சீவிய அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1.55 கிராம். அதோடு ஒரு சிட்டிகை. போதும்.

துல்லியம் வேண்டும் என்றால், 5 கிராம் ஈஸ்டை 45 கிராம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். மொத்தம் 50 கிராம். நன்றாகக் கலக்கிய கையோடு அதில் 17 கிராம் எடுத்தால் உள்ளே 1.7 கிராம் ஈஸ்ட் இருக்கும். கூடவே 15 கிராம் தண்ணீரும் வருவதால் 154இலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். அடிக்கடி செய்பவர்கள் நகை எடைபோடும் சின்ன பாக்கெட் தராசு வாங்கிவிடலாம். 0.01 கிராம் வரை காட்டும், விலையும் அதிகம் இல்லை.

கல்லாப்பெட்டி

மீதி 3.3 கிராம் ஈஸ்ட் கரைசலை என்ன செய்வது? சாக்கடையிலா?

மெல்பர்ன்_மீனா

ஆப்ப மாவில் ஊற்று. ஞாயிற்றுக்கிழமைதானே.

ஸ்டுட்கார்ட்_குமரன்

இங்கே ஜெர்மனியில் கட்டி ஈஸ்ட் 42 கிராம் கட்டியாக ஃப்ரிட்ஜ் வரிசையில் கிடைக்கும். ஒரு கட்டி ஒரு கிலோ மாவுக்கு, 7 கிராம் பாக்கெட் அரைக் கிலோ மாவுக்கு என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். 42க்கு 14 கிராம் உலர்ந்தது, கோவை அண்ணன் சொன்ன மூன்றுக்கு ஒன்று கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. ஜெர்மன் செய்முறை பார்ப்பவர்கள் "அரைக் கட்டி" என்றால் 7 கிராம் இன்ஸ்டன்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் குளிர்நாட்டு அளவுதான்.

கோவை_அடுமனை

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பிரித்த ஈஸ்ட் பாக்கெட்டை மசாலா டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீஸரில் வையுங்கள், கடலோர ஊர்க்காரர்கள் கட்டாயம். சந்தேகம் இருந்தால் கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை கட்டவில்லை என்றால் எத்தனை கிராம் என்று கணக்குப் போடுவதில் பயனில்லை. தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டினாலும் ஈஸ்ட் சாக ஆரம்பித்துவிடும்.

இரண்டு, மைதா. அமெரிக்க ஆல் பர்ப்பஸ் மாவை விட நம் மைதாவில் பொதுவாகப் புரதம் கொஞ்சம் குறைவு, அந்த அளவுக்குத் தண்ணீர் இழுக்காது. 154 கிராமில் 12 கிராமைத் தனியே வைத்துக்கொண்டு, பிசைந்து பார்த்துச் சேருங்கள். ஆட்டா கலப்பவர்களுக்கு இது நேர் எதிர், கூடுதலாகவே கேட்கும்.

அகிலா_சென்னை

செய்துவிட்டேன்! ஃப்ரிட்ஜ் தண்ணீர், சீவிய அரை டீஸ்பூனும் ஒரு சிட்டிகையும். தனியே வைத்த 12 கிராம் தண்ணீரில் பாதிதான் தேவைப்பட்டது. முதல் எழுச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அவசரப்படவில்லை. 375 ஃபாரன்ஹீட் 190 டிகிரி வருகிறது. என் ஓடிஜி மின்சார அடுப்பில் மேல் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் பாதியில் அலுமினியத் தாள் போட்டு மூடினேன். நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 94 காட்டியது. துண்டு போட்டால் உதிரவில்லை. புளித்த வாடையும் இல்லை.

மெல்பர்ன்_மீனா

நாத்தனாருக்குப் படம் அனுப்புங்கள், கிராம் கணக்கோடு.

தேங்காய்_பன்

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். இதே கணக்கில் இனிப்பு பன் செய்தால் ஏறவே இல்லை. மாவு 300 கிராம், சர்க்கரை 54, வெண்ணெய் 45, பால் 170, ஒரு முட்டை, ஈஸ்ட் 0.7 சதவீதம் வைத்து 2 கிராம். மாவிலேயே கொஞ்சம் பட்டைத் தூளும் கலந்தேன். மூன்று மணி நேரமாகக் கல் மாதிரி இருக்கிறது. இங்கே 31 டிகிரி.

கோவை_அடுமனை

சர்க்கரை 18 சதவீதம் போட்டிருக்கிறீர்கள். 10ஐத் தாண்டினால் சர்க்கரை ஈஸ்டின் செல்லிலிருந்தே தண்ணீரை இழுத்துவிடும், வேகம் படுத்துவிடும். வெயிலுக்காகப் பாதியாக்குவது குறைந்த சர்க்கரை ரொட்டிக்கு மட்டும். பன்னுக்கு 1.2 சதவீதம், அதாவது 3.6 கிராம் போடுங்கள். சீவிய டீஸ்பூன் ஒன்றும் இன்னும் சிட்டிகையும். அடிக்கடி செய்வதாக இருந்தால் இனிப்பு மாவுக்கென்றே தனி வகை இருக்கிறது. சாஃப் கம்பெனியில் சிவப்புப் பாக்கெட் சாதா ரொட்டிக்கு, தங்க நிறப் பாக்கெட் இனிப்புக்கு.

பட்டைத் தூளை மாவில் கலக்காதீர்கள், அது ஈஸ்டை அடக்கும். உள்ளே வைக்கும் தேங்காய்ப் பூரணத்தில் போடுங்கள். இப்போது பிசைந்து வைத்திருக்கிறீர்களே, அதைக் கொட்ட வேண்டாம். 1.6 கிராம் ஈஸ்டை ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் கரைத்து அதிலேயே பிசைந்துவிடுங்கள். கொஞ்ச நேரம் பிசுபிசுக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

தேங்காய்_பன்

பிசைந்து வைத்துவிட்டேன் சார். பட்டை ஏற்கெனவே மாவுக்குள் போய்விட்டதே?

கோவை_அடுமனை

போனது போகட்டும், ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள். இரண்டு மடங்கு ஆகவில்லை என்றாலும் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மெதுவாக எழும்பினால் உருட்டிவிடலாம்.